கருங்கூந்தலுக்கு வர்ணம்

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா, இல்லையா என்று பாண்டியன் சபையில் பெரும் வாதம் நிகழ்ந்த கதையை நாம் அனைவரும் அறிவோம். நக்கீரர் இறைவனையே எதிர்த்து நின்றதும் அந்த ஐயத்தின் பொருட்டேயாகும். ஆனால் கூந்தலின் நிறத்தைப் பற்றி அந்தச் சபையில் எவரும் வாய் திறந்தாரில்லை. தமிழ்ப் பெண்ணின் கூந்தல் கறுப்பு என்பதில் அக்காலத்தில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. கார்மேகம், ஆற்றின் கருமணல் என்றெல்லாம் புலவர்கள் உவமை தேடியது அந்தக் கறுப்பின் சிறப்பை உரைப்பதற்கே.

இக்காலத்திலோ நிலைமை வேறு. நரையை மறைப்பதற்காகச் சாயம் பூசுவது பழைய வழக்கம். நரையில்லாத இளங்கூந்தலுக்கும் பழுப்பு, செம்பழுப்பு, நாவற்பழ நிறம் முதலிய வர்ணங்களை முழுவதுமாக ஏற்றிக்கொள்வது புதிய வழக்கம். இப்புதிய வழக்கம் கொழும்போடு நின்றுவிடவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலும் அது கால்வைத்திருக்கிறது. வவுணதீவு, கன்னன்குடா, ஆயித்தியமலை முதலிய ஊர்களிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து நகரத்துச் சலூனுக்குச் சென்று, ஒரு பிற்பகற்பொழுதில் புதுநிறக் கூந்தலோடு வீடு திரும்புதல் இன்று எளிது. திரும்பிய பின்னர் அந்த நிறத்தோடு வயல் வெயிலிலும் கிணற்று நீரிலும் பல மாதங்கள் வாழ்வதுதான் அரிது.

கூந்தலுக்கு வர்ணம் ஏற்றலாமா, கூடாதா என்று தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அஃது அவரவர் விருப்பம். ஏற்றுவதென்று தீர்மானித்த சகோதரிகள் பணத்தையும் கூந்தலையும், சில சமயங்களில் உயிரையுமே இழவாமல் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கறுப்பின் உள்ளே இருப்பது

தலைமயிரின் மேற்புறத்தை நுண்பெருக்கியால் நோக்கினால், கிடுகு வேய்ந்த கூரை போல ஒன்றன்மேலொன்றாகச் செதில்கள் படிந்திருப்பதைக் காணலாம். அச்செதில்களுக்கு உள்ளேயே மெலனின் என்னும் நிறப்பொருள் தங்கியிருக்கிறது. அது இருவகைப்படும். ஒன்று கறுப்பும் கரும்பழுப்புமாகிய நிறத்தைத் தருவது. மற்றையது செம்மையும் மஞ்சளும் தருவது. நம்மவர் கூந்தலில் முதல்வகையே மிக மிகுதி.

நிலையான சாயத்தில் அமோனியா போன்ற காரப்பொருளும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்கின்றன. காரப்பொருள் மயிரை ஊதச்செய்து கூரையின் கிடுகுகளைத் தூக்கிவிடுகிறது. பேரொட்சைட்டு உள்ளே புகுந்து இயற்கை நிறத்தில் ஒரு பகுதியை வெளுக்கிறது. கூடவே, சாயத்தின் நுண்ணிய துணுக்குகளை ஒன்றோடொன்று இணைத்துப் பெரியனவாக்கி, வெளியேற இயலாதபடி உள்ளேயே சிறைப்படுத்துகிறது. வெளுத்தல், நிறமேற்றல் ஆகிய இரண்டு தொழில்களும் இவ்வாறு ஒருங்கே நடைபெறுகின்றன.

மருதமுனை நெசவாளருக்கு இந்த உண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெள்ளை நூலிலே எந்த நிறமும் ஏறும். கறுப்பு நூலிலே மஞ்சள் தோய்த்தால் கறுப்பாகவே இருக்கும். கறுப்பை நீக்கினாலன்றி இளநிறம் தோன்றாது. கூந்தலுக்கும் இதுவே விதி.

கறுப்பை நீக்குந்தோறும் உள்ளிருக்கும் செம்மை வெளிப்படும் என்பதையும் அறிதல் வேண்டும். முதலில் சிவப்பு, பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் என்ற ஒழுங்கிலேயே நம் கூந்தல் வெளுக்கும். பழுப்பு நிறம் கேட்டவர் செம்பட்டை நிறத்தோடு வீடு திரும்புவதன் காரணம் இதுவே. இதனைத் தணிப்பதற்கு, நீலச்சாயல் கலந்த சாம்பற்பழுப்பைக் கைதேர்ந்தவர்கள் சேர்ப்பார்கள். நீலம் செம்மஞ்சளை அடக்கும். ஊதா மஞ்சளை அடக்கும். பச்சை சிவப்பை அடக்கும்.

இச்சாயங்களின் வரலாறு மிகப் பழையதன்று. ஆங்கிலேயரான வில்லியம் ஹென்றி பேர்க்கின் 1856ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். பிரெஞ்சு இரசாயனவியலாளரான யூஜின் ஷூலெர் 1907இல் தலைமயிருக்கென ஒரு செயற்கைச் சாயத்தை ஆக்கி, 1909இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே இன்று உலகெங்கும் பெயர்பெற்றுள்ள லோரியல் நிறுவனம்.

எட்டக்கூடிய நிறங்கள்

சலூன்களில் கூந்தலின் கருமையை 1 முதல் 10 வரை படிகளாக வகுத்திருக்கிறார்கள். 1 முழுக் கறுப்பு. 10 மிக வெளிறிய பொன்னிறம். நம்மவருள் பெரும்பாலோரின் கூந்தல் 1க்கும் 3க்கும் இடையே அமையும். பேரொட்சைட்டின் வலிமையையும் எண்களாற் குறிப்பார்கள். 20 வொலியும் என்பது 6 வீதம். 30 வொலியும் 9 வீதம். 40 வொலியும் 12 வீதம். 6 வீதக் கலவை கூந்தலை ஒன்று அல்லது இரண்டு படிகள் வெளுக்கும். 9 வீதக் கலவை இரண்டு அல்லது மூன்று படிகள் வெளுக்கும்.

இதிலிருந்து ஒரு கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளலாம். இயற்கைக் கூந்தல் 2ஆம் படியில் இருக்குமாயின், தனியே வெளுக்காமல் 4ஆம் படியை எளிதாகவும், 5ஆம் படியைச் சிறிது முயன்றும் எட்டலாம். கரும்பழுப்பு, கோப்பி நிறம், செம்பழுப்பு, மதுச்சிவப்பு, நாவற்பழ நிறம் ஆகியவை இந்த எல்லைக்குள் அடங்கும். தேன் நிறமும் பொன்னிறமும் அடங்கா. அவற்றை வேண்டுவோர் தூள்வெளுப்பானால் முதலில் முழுக்கூந்தலையும் வெளுத்தல் வேண்டும். அவ்வாறு வெளுத்த கூந்தல் வறண்டு, நுனி பிளந்து, ஈரத்தில் இழுபட்டு அறுதல் கூடும். இடைவரை நீண்ட கூந்தலை உடையோர் அதனைப் பணயம் வைக்கலாமா என்பதை நன்கு சிந்தித்தல் நலம்.

கருங்கூந்தலையுடைய பிற நாட்டாரும் இவ்வழியே சென்றவர்கள்தாம். ஜப்பானில் 1990களில் இளைஞரிடையே பரவிய பழுப்புக் கூந்தலுக்குத் 'தேநீர்க் கூந்தல்' என்று பொருள்படும் பெயரையே இட்டார்கள். கறுப்பிலிருந்து தேநீரின் நிறம் அதிக தூரத்தில் இல்லை. ஆகவேதான் அது அங்கு நிலைத்தது எனலாம்.

வர்ண அட்டையைக் கண்டு மயங்கலாகாது. அதிலுள்ள கற்றை வெளிறிய இழையில் நிறமேற்றியது. அதே சாயம் நம் கூந்தலில் பலமடங்கு கருமையாகத் தோன்றும். சலூனின் மின்விளக்கில் ஒருநிறம், வெயிலில் மற்றொரு நிறம் என்று தோன்றுதலும் இயல்பே. ஆகையால் காதின் பின்புறத்தே ஒரு சிறு கற்றையில் மட்டும் முதலிற் பூசச்செய்து, அதனை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். இக்கற்றைச் சோதனைக்கு முகஞ்சுளிக்கும் சலூனைவிட்டு வேறொன்றை நாடுவதே அறிவுடைமை.

எத்தனை நாள் நிற்கும் என்பதையும் தெரிவின்போதே எண்ணுதல் வேண்டும். மேற்பூச்சான அரைநிலைச் சாயம் கூந்தலை வெளுக்காது. ஒருசில முழுக்குகளில் மங்கிவிடும். கருங்கூந்தலில் வெயில்படும்போது மட்டும் ஒரு சாயலைக் காட்டும். மென்கலவைப் பேரொட்சைட்டோடு சேர்க்கும் நடுத்தரச் சாயம் ஏறக்குறைய 24 முழுக்குகள்வரை நிற்கும். சிறிதளவு நரையை மறைக்கும். நிலையான சாயமே முழு நரையை மறைக்கவும் நிறத்தை இளக்கவும் வல்லது. மயிர் வளர்ந்து வெட்டப்படும்வரை அதன் சுவடு நீங்காது. முதன்முறை செல்வோர் நடுத்தரச் சாயத்தோடு தொடங்குதல் நன்று. மனம் ஒப்பாவிடில் சில வாரங்களில் மங்கிப்போகுமன்றோ!

கூந்தலின் பழங்கதை

சலூனில் அமர்ந்ததும் முதலிற் சொல்லவேண்டியது விரும்பும் நிறத்தையன்று. கூந்தலில் இதற்குமுன் பூசியவற்றையே சொல்லல் வேண்டும். ஒருமுறை ஏறிய செயற்கைச் சாயத்தை இன்னொரு சாயம் வெளுக்காது. கடையில் வாங்கிய கறுப்புத் தூளை ஓராண்டுக்கு முன் பூசியவர், அந்தப் பகுதியில் இன்று பழுப்பை எதிர்பார்த்தால் வேர்ப்பக்கம் செம்பழுப்பாகவும் நுனிப்பக்கம் கறுப்பாகவும் இருநிறக் கூந்தலே கிட்டும்.

மருதோன்றி பூசியவரும் அதனை மறைக்கலாகாது. தூய மருதோன்றி இலை செம்மஞ்சள் நிறமொன்றையே தரும். அவுரி சேர்ந்தால் கருமை கூடும். கடைகளில் விற்கும் சில கலப்பு மருதோன்றித் தூள்களிலோ உலோக உப்புகள் கலந்திருத்தல் கூடும். அவற்றின்மேல் பேரொட்சைட்டுப் படும்போது மயிர் சூடேறி வெந்து அறுந்துபோதலும் உண்டு. தெரியாத தூளைப் பூசியிருந்தால், உதிர்ந்த சில மயிரிழைகளைச் சலூனில் கொடுத்து, அவற்றில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுக.

நாற்பத்தெட்டு மணிநேரப் பொறுமை

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் இருத்துவதாயின், இப்பகுதியை இருத்துமாறு வாசகியரை வேண்டுகிறோம்.

நிலையான கருஞ்சாயங்கள் பெரும்பாலானவற்றில் 'பி.பி.டி.' எனச் சுருக்கமாக வழங்கும் இரசாயனப் பொருள் உண்டு. பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கு நேர்வதில்லை. ஒவ்வாதவர்க்கோ தலையும் நெற்றியும் அரித்துச் சிவந்து, கண்ணிமைகள் மூடுமளவுக்கு முகம் வீங்கும். அரிதாக மூச்சுத் திணறலும் ஏற்படும். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டளவில் இப்பொருளடங்கிய கண்ணிமைச் சாயமொன்றைப் பூசிய பெண்ணொருவர் பார்வையை இழந்தார். அத்தகைய கொடுமைகள் அளித்த தூண்டுதலாலேயே அந்நாட்டில் 1938இல் அழகுசாதனப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. புருவத்துக்கும் கண்ணிமைக்கும் தலைச்சாயத்தைத் தொடவே கூடாது என்பது அன்று கற்ற பாடம்.

இவ்வொவ்வாமை முதன்முறையிலேயே தோன்றவேண்டுமென்பதில்லை. பத்து முறை பூசியவருக்குப் பதினோராம் முறை வரலாம். வந்தபின் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். எனவே ஒவ்வொரு முறையும், பூசுவதற்கு 48 மணிநேரத்துக்கு முன்னரே, காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சாயத்தைச் சிறிதளவு தொட்டு, பொதியிலுள்ள அறிவுரைப்படி சோதித்தல் வேண்டும். அரிப்போ சிவப்போ வீக்கமோ தோன்றினால் அந்தச் சாயம் உங்களுக்கு உரியதன்று.

திருமண வீட்டு அவசரத்தில் இந்த இரண்டு நாட்களைத்தான் நாம் முதலில் விட்டுவிடுகிறோம். வவுணதீவிலிருந்து சோதனைக்கென ஒருநாளும் சாயத்துக்கென ஒருநாளும் பாலங்கடப்பது வீண் அலைச்சலாகத் தோன்றலாம். வேறு அலுவலாக நகருக்குச் செல்லும் நாளிலேயே சோதனையை முடித்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. முகம் வீங்கிய மணமகளாக மணவறையில் அமர்வதைவிட அந்த ஒரு பயணம் பெரிதா, என்ன?

கைகளில் 'கறுப்பு மருதோன்றி'க் கோலம் இட்டுக் கொப்புளம் கண்டவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடிருத்தல் வேண்டும். மருதோன்றி இயற்கையில் கறுப்பாவதில்லை. அந்தக் கறுப்பு பெரும்பாலும் பி.பி.டி.யே. அவர்கள் வைத்தியரைக் கேளாமல் நிலையான சாயத்தை அணுகலாகாது. 'அமோனியா இல்லாதது', 'மூலிகையாலானது' என்னும் விளம்பரச் சொற்களும் பி.பி.டி. இல்லையென்பதற்கு உத்தரவாதமல்ல. தலையில் புண்ணோ சிரங்கோ உள்ளபோது சாயம் கூடாது. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்கள் தவிர்த்து, பின்னரும் வைத்தியரைக் கேட்டே செய்வது வழக்கம்.

வீட்டில் சாயத்தூள் வைத்திருப்போருக்கு மேலுமொரு சொல். அது வயிற்றுட் சென்றால் கொடிய நஞ்சு. பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்தல் வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டாலோ, பூசியபின் மூச்சுத் திணறினாலோ கைவைத்தியம் பார்த்துப் பொழுதைப் போக்காமல் 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்கு விரைக.

சலூனில் கவனிக்க வேண்டியவை

எண்ணெய் வடியும் தலையோடு செல்லலாகாது. அன்று காலையிலேயே தேய்த்து முழுகிச் செல்லுதலும் வேண்டாம். முதல்நாள் முழுகிய தலையே பொருத்தமானது. தலைத்தோலில் இயற்கையாக ஊறும் நெய்ப்பசை சாயத்தின் எரிச்சலைச் சிறிது தடுக்கும்.

முன்னர் சாயம் காணாத கூந்தலின் நிறத்தை இளக்கும்போது, வேரைவிட்டு நடுப்பகுதியிலும் நுனியிலும் முதலிற் பூசி, வேருக்குப் பின்னர் பூசுவதே முறை. தலையின் இயற்கைச் சூட்டால் வேர்ப்பகுதியில் சாயம் விரைந்து வேலை செய்யும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பூசினால் வேர் வெளிறியும் மற்றைய பகுதி கறுத்தும் காணப்படும். சாயத்தைப் பொதியிற் குறித்த நேரத்துக்குமேல் ஊறவிடுவதால் நிறம் சிறக்காது, மயிரே கெடும்.

கூலியையும் தொடங்குமுன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும். தோளளவுக் கூந்தலுக்குப் போதுமான சாயம் இடையளவுக் கூந்தலுக்குப் போதாது. எத்தனை குழாய்ச் சாயம் செல்லும், அடுத்தமுறை வேருக்கு மட்டும் பூச எவ்வளவு ஆகும் என்று கேட்பதில் வெட்கமில்லை. சாயத்தின் பெயரையும் இலக்கத்தையும் குறித்து வாங்கிக்கொண்டால், அடுத்தமுறை வேறு சலூனுக்குச் சென்றாலும் நிறம் மாறாது.

கிணறும் வெயிலும் தீர்த்தமும்

உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தூய்மையாக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்குச் செல்கிறது. குழாய்நீர் எட்டாத வீடுகளுக்குக் கிணறும் குழாய்க்கிணறுமே துணை. வாளியிலும் கிணற்றுக் கட்டிலும் செம்மஞ்சட் கறை படியுமாயின் அந்நீரில் இரும்பு உண்டு என்றறிக. அந்த இரும்பு கூந்தலிலும் படிந்து, நிறத்தை மங்கச்செய்து, பேரொட்சைட்டோடும் முரண்படும். அத்தகைய நீரில் முழுகுவோர் அதனைச் சலூனில் முன்கூட்டியே சொன்னால், உலோகப்படிவை நீக்கும் ஷம்புவால் முதலிற் கழுவிவிடுவார்கள். வீட்டில், முழுகியபின் இறுதியாகத் தலையில் ஊற்றும் நீரையேனும் மழைநீராகவோ நல்ல நீராகவோ வைத்துக்கொள்ளலாம்.

சாயம் ஏற்றிய இரண்டு மூன்று நாட்களுக்குத் தலைமுழுக்கு வேண்டாம். பின்னரும் வாரத்தில் இரண்டு முறை போதும். வெந்நீர் கூடாது; தண்ணீரே நன்று. சவர்க்காரக் கட்டியைத் தலையில் தேய்த்தலாகாது. அதன் காரம் கிடுகுகளை மீண்டும் தூக்கி நிறத்தை வெளியேற்றும். சாயமேற்றிய கூந்தலுக்கென அமைந்த மென்மையான ஷம்புவே ஏற்றது. தேசிக்காயைத் தேய்த்து வெயிலில் உலர்த்தும் வழக்கத்தையும் கைவிடல் வேண்டும். புளிப்பும் வெயிலும் சேர்ந்தால் நிறம் வெளிறும்.

தேங்காயெண்ணெயை மட்டும் விட்டுவிடத் தேவையில்லை. முழுகுமுன் பூசிய தேங்காயெண்ணெய் மயிரினுள்ளே ஊடுருவி, அதன் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்பதை 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிய எண்ணெய்க்கும் அந்தக் குணம் காணப்படவில்லை. நம் பாட்டிமார் அறிந்ததை ஆய்வுகூடமும் அறிந்துகொண்டது எனலாம். செவ்வரத்தை இலை, வெந்தயம் ஆகியவற்றை அரைத்துப் பூசுவதும் வறண்ட கூந்தலை மென்மையாக்கும்.

வயல்வேலையும் வெயிற்பயணமும் உடையோர்க்குச் சூரிய ஒளியே நிறத்தின் முதற்பகைவன். சிவப்புச் சாயல்கள் எல்லாவற்றிலும் விரைவாக மங்கும். குடையோ, தலையை மூடும் சேலைத்தலைப்போ மிகச் சிறந்த பாதுகாப்பு. ஆடியமாவாசையில் மாமாங்கத் தீர்த்தமாடச் செல்வோரும் கல்லடிக் கடலில் நீராடுவோரும் முன்னதாகத் தலையை நன்னீரில் நனைத்துக்கொள்வது நலம். நன்னீரில் ஊறிய மயிர் உவர்நீரை அதிகம் உறிஞ்சாது. கரையேறியதும் மீண்டும் நன்னீரால் அலசிவிடல் வேண்டும்.

வேர் வளரும் கணக்கு

தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். 5ஆம் படிக்கு மேலே நிறம் ஏற்றியவருக்கு ஆறு வாரங்களுக்குள் கறுத்த வேர் கோடிட்டாற்போலத் தோன்றிவிடும். 3ஆம், 4ஆம் படியில் கரும்பழுப்பை ஏற்றியவருக்கோ இரண்டு மூன்று மாதங்கள் சென்றாலும் வேறுபாடு எளிதில் புலப்படாது. நரையுடையோர்க்கு மட்டும், எந்த நிறமாயினும் நான்கு வாரங்களில் வெள்ளைக் கோடு தென்படும்.

மறுமுறை பூசும்போது புதிதாக வளர்ந்த வேருக்கு மட்டுமே நிலையான சாயம் பூசல் வேண்டும். ஒவ்வொரு முறையும் நுனிவரை பூசினால் நுனி கறுத்து வறண்டு முறியும். மங்கிய நீளப்பகுதிக்கு நிறமூட்ட நடுத்தரச் சாயமே போதும்.

இக்கணக்கைப் பார்த்தபின் நம் கூந்தலுக்கு உகந்த நிறம் எதுவென்பது தானே விளங்கும். இயற்கை நிறத்திலிருந்து இரண்டு படிக்குமேல் விலகாத நிறமே கூந்தலைக் காக்கும், பணத்தையும் காக்கும், ஆண்டில் பலமுறை பாலங்கடக்கும் அலைச்சலையும் குறைக்கும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று வாவிக்கரையில் பிறந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சலூன் வாசலிலும் அதனை நினைவிற் கொள்வோமாயின், விரும்பிய நிறத்தை அச்சமின்றிச் சூடி மகிழலாம். கறுப்பே போதுமென்று திரும்பிவரும் சகோதரிக்கும் குறையொன்றுமில்லை. புலவர்கள் தேடிய உவமைகள் அனைத்தும் இன்றும் அவளுக்கே உரியன.